அம்மா ஏறி நின்ற பலகை

என் குட்டை அம்மாவுக்கு,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குச் சிரிப்பு வரும் என்று தெரிந்துதான் இப்படித் தொடங்குகிறேன்.

முதலில் மன்னித்துக்கொள். வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். "வாய் இருக்குல்ல, நேர்ல வந்து சொல்லு" என்பாய். நேரில் சொல்ல வேண்டிய காலத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் திறக்கவில்லை. நம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். தோட்டத்துப் பள்ளியில் ஆறு வருஷம் படித்த தமிழை விரல் வைத்து மெதுவாகப் படிப்பாயே, அந்த விரலுக்கு ஏற்ற மாதிரி நானும் மெதுவாகவே எழுதுகிறேன்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. அப்பா நன்றாக இருக்கிறார். கொஞ்சம் இளைத்திருக்கிறார், ஆனால் சாப்பிடுகிறார். நான் இன்னும் மலாக்காவில் அதே கபினெட் கடையில்தான் இருக்கிறேன். பின்பக்கத்து மேசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் வீட்டுச் சமையலறைகளைக் கணினியில் வரைந்துகொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் வந்து பேசினால் இன்னும் காது சூடாகிறது. "டிகிரி வாங்கின பிள்ளைக்கு என்ன வெக்கம்" என்று நீ கேட்பாயே, அந்த வெட்கம் போகவில்லை. கொஞ்சம் குறைந்திருக்கிறது. எதனால் குறைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது என்ன ஓடுகிறது தெரியுமா அம்மா? வெள்ளைக் கபினெட்டை யாரும் கேட்பதில்லை. பச்சைதான் கேட்கிறார்கள். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன உன் பச்சைக் கைலி இருந்ததே, அந்த நிறம். அதற்கு ஆங்கிலத்தில் அழகாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை அந்த நிற அட்டையை எடுத்துக் காட்டும்போதும் எனக்குக் கொடியில் காயும் கைலிதான் ஞாபகம் வருகிறது.

கதவுக்குக் கைப்பிடி இருக்கக் கூடாது. தொட்டால் திறக்க வேண்டும். சோற்றுப்பானையை ஒரு கதவுக்குப் பின்னால் ஒளிக்க வேண்டும், மிளகாய்த்தூள் டப்பாவை இன்னொரு கதவுக்குப் பின்னால். ஐஸ்பெட்டிக்கும் பலகை அடித்து மூடிவிடுகிறோம். போன மாதம் ஒரு வீட்டில் எல்லாம் முடிந்து சாவி கொடுத்தபோது, வீட்டுக்காரரே தண்ணீர் எடுக்க மூன்று கதவைத் திறந்து பார்த்தார். நாலாவதில்தான் ஐஸ்பெட்டி இருந்தது.

எல்லாருக்கும் இரண்டு சமையலறை வேண்டும். முன்னால் ஒன்று, கூடத்தோடு சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய கல் மேசையோடு. அதில் காப்பி கலக்கலாம், ஆப்பிள் நறுக்கலாம், விருந்தாளியை உட்கார வைக்கலாம். பின்னால் ஒன்று, மீன் பொரிக்க, சம்பல் தாளிக்க. முன்னால் இருப்பதைத்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள். பின்னால் இருப்பதில்தான் ஆள் நிற்கிறார்.

நான் முதன்முதலாக வரைந்த சமையலறை உன்னுடையது. மஸ்ஜிட் தானாவில் நம் வீட்டுப் பின்பக்கம், அப்பா கையால் கட்டிய சிமெண்டுத் திண்டும், அதன்மேல் இரட்டை அடுப்பும். திண்டு என் தொடை உயரம்கூட இருக்காது. அதை உடைத்துவிட்டு உனக்குப் புதிதாக, பச்சையில் போட்டுத் தருகிறேன் என்று நான் சொன்னபோது நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்.

"அழுக்குத் தெரியுமா பாப்பா, அந்தக் கலர்ல?"

தெரியாது என்றேன். "அப்ப சரி" என்றாய்.

சுவரை மூன்று தடவை அளந்தேன். சன்னலை அளந்தேன், குழாயை அளந்தேன், ஐஸ்பெட்டிக் கதவு திறக்கும் தூரத்தைக்கூட அளந்தேன். கடையில் எல்லாருக்கும் போடுகிற உயரம் ஒன்று இருக்கிறது. அதையே எழுதினேன். உன்னைக் கூப்பிட்டு நிற்கச் சொல்லத் தோன்றவில்லை. நீ பக்கத்தில்தான் நின்றாய், அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு.

பால் காய்ச்சிய நாள் ஞாபகம் இருக்கிறதா? புது இண்டக்‌ஷன் அடுப்பில் சட்டியை வைத்தோம். பால் பொங்கி விளிம்பைத் தாண்டியதும் அடுப்பு கீச்சென்று கத்திவிட்டுத் தானாக அணைந்துவிட்டது. மறுபடியும் வைத்தோம், மறுபடியும் அணைந்தது. "இது என்னடி, பால் பொங்க வேணாங்குது" என்று நீ சிரித்தாய். அப்பா பின்வாசலில் பழைய கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார். அங்கே பொங்கியது. எனக்கு அவமானமாக இருந்தது. நீ பொங்கிய பாலைக் கொண்டுவந்து, புது மேடைமேல் வைத்து, மேடையைத் தொட்டுக் கும்பிட்டாய். கையை எவ்வளவு தூக்கிக் கும்பிட்டாய் என்று நான் அப்போதும் பார்க்கவில்லை.

மறுவாரம் கடையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். நீ தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாய். "ஆள் இல்லாமதான் எடுப்பாங்கம்மா, கொஞ்சம் அந்தாண்ட போ" என்று நான்தான் சொன்னேன். நீ ஓரமாகப் போய் நின்று, "நல்லா எடுக்கச் சொல்லு" என்றாய். அந்தப் படம் இன்னும் கடைச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் அதைக் காட்டி, "இதே மாதிரி" என்கிறார்கள்.

அப்புறம் ஒன்றரை வருஷம், நான் சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போதெல்லாம் சமையல் முடிந்திருக்கும். மேடை துடைத்துக் காய்ந்திருக்கும். நான் அடுப்புப் பக்கம் வந்தால், "நீ போய் உக்காரு, எல்லாம் ஆயிருச்சி" என்பாய். ஒரு நாள்கூட என் எதிரில் அந்த மேடையில் நீ ஒரு வெங்காயம் நறுக்கி நான் பார்த்ததில்லை. நீ பின்வாசலில் சமைத்துவிட்டு, நான் போட்டதைக் காட்சிக்கு வைத்திருக்கிறாய் என்றே நினைத்தேன். எனக்குள் அது ஊறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"புடிக்கலைன்னா சொல்லிரும்மா. ஷோரூம் மாதிரி தொடச்சித் தொடச்சி வெச்சிருக்க."

உன் முகம் ஒரு நொடி மாறியது. அப்புறம், "புடிக்காம என்னடி. நல்லா இருக்கு. அழகா இருக்கறத அழகா வெச்சிக்கணும்ல" என்றாய். நான் போய் டிவி முன்னால் உட்கார்ந்தேன். அன்று ராத்திரியே மலாக்காவுக்குத் திரும்பிவிட்டேன். வழக்கமாக ஞாயிறு மத்தியானம்தான் கிளம்புவேன். நீ சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாய்.

எல்லாவற்றுக்கும் உன்னிடம் அந்த ஒரு சொல்தான். கெண்டின் சமையலில் பத்து வருஷம் பெரிய சட்டி தூக்கிய வேலையைக் கேட்டால், நல்லா இருக்கு. நான் முதன்முதலாக வைத்த கட்டிச் சாம்பார், நல்லா இருக்கு. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் வாங்கி வந்த கஞ்சிக்கும் அதையேதான் சொன்னாய். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

போன மாதம் அப்பா போன் செய்தார். "பாப்பா, சிங்க் அடியில தண்ணி ஒழுகுது. நீ போட்ட கபினெட்டு, நீயே வந்து பாரு."

கபினெட்டுக்குக் கீழே, தரையை ஒட்டி, கால்விரல் நுழையும்படி உள்ளே தள்ளி ஒரு நீளப் பலகை வைத்திருப்போம். கபினெட்டின் கால்களை மறைக்க. புதிதில் அது இறுக்கமாக இருக்கும், இழுக்க இரண்டு கை வேண்டும். நான் தரையில் படுத்துக்கொண்டு அதை இழுத்தேன். இரண்டு விரலுக்கு வந்துவிட்டது. அடிக்கடி கழற்றிப் பழகியது மாதிரி.

உள்ளே இன்னொரு பலகை இருந்தது. ஒரு முழ நீளம், தடித்த மரம், அடியில் இரண்டு சட்டம் அடித்து, சட்டத்துக்கு அடியில் ஜப்பான் செருப்பின் நீல ரப்பரை வெட்டி ஒட்டி. மேல்பக்கம் மஞ்சளும் எண்ணெயும் இறங்கிப் பளபளவென்று இருந்தது. நடுவில் இரண்டு இடம் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக.

"என்னப்பா இது?"

அப்பா குழாயைப் பார்த்தார். "பலகை."

"பலகைன்னு தெரியுது. இங்க எப்படி வந்துச்சி?"

"நடந்தா வரும்? நான்தான் செஞ்சேன். சாரத்துப் பலகை."

அப்பா முப்பது வருஷம் சுங்கை ஊடாங்கில் சாரம் கட்டியவர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் மற்றவர்கள் உயரத்தில் ஏறி வேலை செய்வதற்குப் பலகையும் குழாயும் கட்டிக் கொடுக்கிற வேலை. அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

"எதுக்கு செஞ்சீங்க?"

"எதுக்குன்னா? உங்கம்மா என்ன பனைமரமா? நீ போட்ட ஒசரத்துக்கு அவளுக்கு சட்டிக்குள்ள என்ன வேகுதுன்னே தெரியல. மொத நாளே கேட்டா, ஒண்ணு வெட்டிக் குடுங்கன்னு. தரையில கீறல் விழுந்தா பாப்பா பாத்துருவான்னு செருப்பு ரப்பரை வேற ஒட்டச் சொன்னா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டா. நீ வர்ற சனிக்கிழமை விடியக்காலையிலயே சமைச்சிருவா. உன் கார் சத்தம் கேட்டா எனக்குத்தான் வேலை, அதை உள்ள தள்ளி மூடணும். குனிய முடியலன்னா கால்லயே தள்ளுவேன்."

நான் பலகையைத் திருப்பி ரப்பரைத் தடவினேன். அப்பாவே மறுபடியும் பேசினார். "எவ்வளவோ ஒசரத்துக்குக் கட்டிருக்கேன். இதுதான் ஆகச் சின்னது. ஆனா ஆடாது பாரு. அவ ஒரு தரம்கூட வழுக்கல."

அப்படியென்றால் நீ அங்கேதான் சமைத்திருக்கிறாய் அம்மா. ஒவ்வொரு நாளும். நான் போட்ட மேடையில், நான் போட்ட அடுப்பில். நான் வருகிற நாளில் மட்டும் பலகையை ஒளித்துவிட்டு, அது இல்லாமல் எட்டாது என்பதால் என்னைப் போய் உட்காரச் சொல்லியிருக்கிறாய். நான் ஷோரூம் என்று சொன்னபோது பலகை உன் காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு உதை உதைத்து மறைப்பைத் திறந்து காட்டியிருக்கலாமே? கபினெட்டின் கால்களை மாற்றினால் மேடை இறங்கிவிடும். ஒரு நாள் வேலை. நானே ஆட்களைக் கூட்டிவந்து செய்திருப்பேன். இல்லை, அன்று நீ சொல்லியிருந்தால் நான் சிணுங்கியிருப்பேனோ? அதைத் தெரிந்துதான் சொல்லவில்லையா?

மறுசனிக்கிழமை அளவு நாடாவும் பென்சிலுமாக வந்தேன். பலகையின் உயரத்தை அளந்து, மேடையிலிருந்து அத்தனையையும் கழித்து, கபினெட்டின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டேன். மேடையை அந்தக் கோட்டுக்கு இறக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அப்பா அப்போது அங்கேதான் நின்று வெண்டைக்காயின் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். ஆமாம், அப்பாதான். நம்பமாட்டாய். உன்னோடு கெண்டினில் வேலை செய்த மலாய்க்கார அக்காவிடம் கேட்டு, மீன் அசாம் பெடாஸ், அந்த மலாய்ப் புளிக்குழம்பு, வைக்கப் பழகியிருக்கிறார். புளி கொஞ்சம் கூடிவிடுகிறது.

"என்ன கோடு அது?"

"மேடைய இறக்கப் போறேம்பா. அம்மா ஒசரத்துக்கு."

அவர் வெண்டைக்காயைக் கீழே வைத்தார். "யாரும்மா நிக்கப் போறா அங்க?"

நான் பென்சிலை நாடாவோடு மேடைமேல் வைத்தேன்.

அவர் மறுபடியும் வெண்டைக்காயை எடுத்துக்கொண்டார். "எனக்கு இது சரியா இருக்கு பாப்பா. முதுகு வலிக்கல. இறக்கிட்டின்னா நான் குனிஞ்சி நிக்கணும். அவ நின்ன எடத்துலதான நிக்கிறேன்."

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். தோள் தாழ்ந்து, முழங்கை இயல்பாக மடங்கி, கை மேடைக்கு ஒரு சாண் மேலே. படிக்கும்போது புத்தகத்தில் போட்டிருந்த படம் மாதிரியே. உனக்கென்று நினைத்து, சமையலறைப் பக்கமே வராத அப்பாவுக்குத்தான் நான் கச்சிதமாகப் போட்டிருக்கிறேன். சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. வெங்காயத்தின் பக்கம் போய் நின்றுகொண்டேன். மேடையை இறக்கவில்லை. கோட்டை அழிக்கவும் இல்லை. பலகையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

வெட்கம் குறைந்த கதை இதற்கு அடுத்த வாரம் நடந்தது. சுங்கை ஊடாங்கிலிருந்து ஓர் அக்காவும் அவர் கணவரும் கடைக்கு வந்தார்கள். அக்கா நேராகப் போய் உன் சமையலறைப் படத்தின் முன்னால் நின்று, "இதே மாதிரி வேணும். கலர்கூட மாத்த வேணாம்" என்றார். உன்னைவிட இரண்டு விரல்தான் உயரம். வழக்கமாக நான் தலையாட்டி எழுதிக்கொள்வேன். அன்று எனக்கே கேட்கிற மாதிரி என் குரல் வந்தது.

"அக்கா, செருப்பக் கழட்டிட்டு இங்க வந்து நில்லுங்க. சட்டியில கிண்டுற மாதிரி கைய வைங்க."

"என்னம்மா, கபினெட்டு கேட்டா சட்டை தைக்கிறீங்க?" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க லா. இத்தன வருசத்துல யாராச்சும் என்னை நிக்க வெச்சிப் பாத்துருக்கீங்களா?" என்று அக்கா அவரை அடக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத சட்டியில் உண்மையாகவே கிண்டினார். உப்புப் போடுவதுபோல விரலைக்கூடத் தேய்த்தார்.

"வீட்டுல வேற யாரு சமைப்பாங்க?" என்று கேட்டேன்.

"நான் மேகி போடுவேன்" என்றார் கணவர்.

"அப்ப நீங்களும் வந்து நில்லுங்க, அண்ணே."

முதலாளியம்மா தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, "அடுத்து அவங்க வீட்டுப் பூனையையும் அளப்பியா?" என்று மலாயில் கேட்டார். எல்லாருக்கும் ஒரே உயரம் போட்டுப் பழகிய கடை இது, அம்மா; அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அக்காவின் தாளில் நான் எழுதிய உயரத்தை அவர் அடிக்கவில்லை.

சுவரில் இருக்கிற படத்தின் மூலப் படத்தை அன்று சாயங்காலம் தேடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தை வெட்டித்தான் மாட்டியிருக்கிறார்கள். வெட்டாத படத்தின் வலது ஓரத்தில் உன் தீபாவளிச் சேலை முந்தானை கொஞ்சம் இருக்கிறது. முந்தானையைப் பிடித்திருக்கும் மூன்று விரலும் தெரிகிறது. வெட்டாததையே மாட்டலாமா என்று முதலாளியம்மாவிடம் கேட்டேன். "யாரு அது?" என்றார். "இந்த வீட்டுல சமைச்சவங்க" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நான் மறுபடியும் கேட்பேன். இனிமேல் ஆளை நிற்க வைக்காமல் ஒரு சமையலறைகூட வரைய மாட்டேன் அம்மா. அது உனக்கு நான் தருகிற வாக்கு. படம் எடுக்க வந்தாலும் யாரையும் ஓரமாகப் போகச் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. கேட்கலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் உனக்கு முதல் வருஷத் திதி. படையலுக்குப் பெரியம்மா வந்து சமைக்கிறேன் என்றார். அப்பா விடவில்லை. உனக்குப் பிடித்த அசாம் பெடாஸை அந்த மேடையில் அவரே வைக்கப் போகிறார். நான் கேசரி கிளறுகிறேன். இலை போட்டுப் படைத்துவிட்டு, ஒரு பிடி எடுத்துப் பின்வாசல் சுவர்மேல் காக்கைக்கு வைப்போம். நீ வந்து சாப்பிடுவதாக நம்பிக்கொண்டு அப்பாவும் நானும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

புளி கூடியிருக்கலாம். கேசரி கட்டிதட்டியிருக்கலாம். எங்கள் மனசு கஷ்டப்படும் என்று சாப்பிடாதே அம்மா. பிடிக்கவில்லை என்றால் தொடாமல் போய்விடு. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். மறுபடியும் சமைப்போம், எத்தனை தடவை வேண்டுமானாலும் சமைப்போம். இந்த ஒரு தடவை மட்டும், நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு எங்கிட்ட சொல்லும்மா.

உன் உயரத்தைக் கேட்காமல் போன
உன் மகள், பாப்பா